மூன்று மாதம் ஒரே ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள வண்டி) பார்க்கில் தங்கினால் கழிவு வால்வுகளைத் திறந்தே வைக்கலாமா?

கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க்கின் வால்வைத் திறந்து வைக்கவே கூடாது. அமெரிக்க பார்க்குகளில் மாதக்கணக்கில் தங்க வரும் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். திறந்திருந்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மலமும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே கூம்பு மாதிரி குவிந்து, காய்ந்து இறுகிவிடும். பிறகு எந்த ரசாயனத்துக்கும் லேசில் கரையாது.

மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அந்த வேகம்தான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். காலியானதும் வால்வை மூடி, 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குளியல், பாத்திரம் கழுவும் நீர் சேரும் கிரே டேங்க்கை மற்ற நாட்களில் திறந்து வைக்கலாம். ஆனால் பிளாக் டேங்க்கைக் காலி செய்வதற்கு முந்தைய நாளே மூடிவிடுங்கள். கிரே டேங்க்கில் தேங்கும் சோப்புத் தண்ணீரைக் கடைசியில் திறந்தால் கழிவு ஹோஸ் கழுவப்பட்டுவிடும். ஹோஸ் நடுவில் தொய்யாமல், முழு நீளமும் சரிவாக இருக்கட்டும்.

குடிநீர் ஹோஸுக்கு, நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர் அவசியம். 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அதை வண்டிப் பக்கம் அல்ல, பார்க்கின் குழாய் முனையிலேயே மாட்டுங்கள். அப்போதுதான் ஹோஸும் தப்பும்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழ வாய்ப்பு அதிகம். மாத வாடகையில் மின்சாரம் சேர்த்தியா, தனி மீட்டரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.