பிள்ளை பெற்ற மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்

கேள்வி: தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்த மகளுக்குச் சிசேரியனில் ஆண் குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. குழந்தை வீறிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. 'நான் நல்ல அம்மா இல்லை' என்று அழுகிறாள். பச்சை உடம்பில் காற்று கருப்பு அண்டியிருக்கும், மந்திரித்தால் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். மருத்துவரிடம் போனால் மாத்திரை கொடுத்துத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பிரசவமான இரண்டு மூன்று நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல்படுவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, அது இரண்டு வாரங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆறு வாரங்களாகியும் அடங்காமல், குழந்தை தூங்கும் நேரத்திலும் தூங்கமுடியாமல், தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹார்மோன்கள் சட்டென்று குறைவது, தூக்கம் கெடுவது, அறுவைசிகிச்சையின் வலி, முன்பே மனச்சோர்வு இருந்திருப்பது எனப் பல காரணங்கள் இதில் சேர்கின்றன. மந்திரித்துக் கயிறு கட்டுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல் இருக்கிறது.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமே முதலில் அழைத்துச் செல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரக்கூடியவை என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வார். 1987-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட, இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும், கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்லவும்கூடும். அதன் கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை நீங்களும் அவளிடம் தனிமையில் நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மாத்திரையைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். லேசான சோர்வுக்கு மனநல ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டாலும் செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலப்பதால், பெரும்பாலும் பாலை நிறுத்தவேண்டியதில்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி அவளைத் தூங்கவைப்பதுதான். இரவில் பாலூட்டிய பிறகு ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது ஆகியவற்றை நீங்களோ மருமகனோ ஏற்றுக்கொண்டால், அவளுக்குத் தொடர்ச்சியாகச் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும். 'நாங்களெல்லாம் பெறவில்லையா' என்று கேட்கும் உறவினர்களின் வருகையைக் கொஞ்சநாள் குறைத்துக்கொள்வதும் நல்லது.

இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றாலோ, தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஆலோசனை கேட்க மட்டும் என்றால், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.