பன்றியா, கரடியா? பழைய சீன ஜேட் விலங்குகள்: கேள்வி பதில்

ஜேட் என்பது மரகதம்தானே சார்?
இல்லை, வேறு கல். பழைய சீன விலங்கு உருவங்களில் ஜேட் என்றால் நெஃப்ரைட். ஜேட் என்றே விற்கும் இன்னொரு கல்லான பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்கு நிறைய வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். ஜேடைட்டில் 'ஹான் காலப் பன்றி' (ஹான், சுமார் 2000 வருடத்துக்கு முந்தைய சீன அரச வம்சம்) என்று யாராவது காட்டினால் காசை எடுக்காதீர்கள்.

உளியால் செதுக்கினார்களா?
இந்தக் கல்லுக்கு உளி சரிப்படாது. ஈர மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே அறுத்தார்கள். துளையைப் பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்தும் போடுவார்கள். நடுவில் சந்திக்கும் இடத்தில் சின்ன வரம்பு நிற்கும், லென்ஸில் பாருங்கள்.

இறந்தவர் வாயில் சிள்வண்டு வைத்தது ஏன்?
எனக்குப் பிடித்த கேள்வி. சிள்வண்டு வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, வெளியே வந்து, தோலுரித்துப் பறக்கும். இறந்தவரும் அப்படி எழட்டும் என்று நம்பினார்கள். ஹான் காலத்ததைக் கையில் வாங்கினால் நாக்குப் போலத் தட்டையாக இருக்கும். இரு ஓரத்திலும் புடைத்த கண், இறக்கைக்குச் சில நேர்க்கோடுகள், அவ்வளவுதான். ஒரு கோடுகூடத் தயங்கியிருக்காது! வாயில் வைத்ததில் வழக்கமாகத் துளை இருக்காது. துளை இருந்தால் அணிந்தது. கையில் பிடிக்கப் படுத்த பன்றியும் வைத்தார்கள்.

என் பச்சை ஆமை கண்ணாடியைக் கீறுகிறது. அசல்தானே?
குவார்ட்ஸும் கீறும். அந்தச் சோதனையே வேண்டாம், பொருள்தான் கெடும்.

ஹொங்ஷான் 'பன்றி டிராகன்' பன்றிதானா?
ஹொங்ஷான் என்பது வடகிழக்குச் சீனாவின் கற்காலப் பண்பாடு, 'பன்றி டிராகன்' அவர்கள் செய்த சுருண்ட ஜேட் உருவம். என் கணக்கில் பன்றிதான். வளைந்த உடல், பெரிய கண், மூக்கின் மேல் சுருக்கங்கள். 5000 வருடத்துக்கு முந்தையது.

கரடி ஐயா! ஹொங்ஷான் தலமான நியூஹெலியாங்கில் களிமண் கரடிப் பாதம் கிடைத்ததே?
கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில், ஹொங்ஷானுக்கும் முந்தைய சிங்லோங்வா என்ற பழைய குடியிருப்பில், ஒரு மனிதரை இரண்டு பன்றிகளோடு புதைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பன்றி வெறும் இறைச்சி இல்லை.

அப்போ அந்த உருண்டைக் காது?
அது உங்கள் பக்கம், சரி. அது புழு என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு அந்தச் சுருண்ட உடல் சாட்சி. மூக்குச் சுருக்கத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள், நான் மாறுகிறேன்.

பன்றியை விடுங்கள், வேறு விலங்கு உண்டா?
3000 வருடத்துக்கு முந்தைய ஷாங் வம்ச அரசி ஃபூ ஹாவின் கல்லறை, சீனாவின் ஆன்யாங் நகரில். 1976இல் தோண்டியபோது 755 ஜேட் பொருள்கள். யானை, புலி, கிளி எல்லாம் உண்டு.

தாத்தா வாங்கிய பச்சைப் புலியும் கண்ணாடியைக் கீறுகிறது...
ஆமைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். இனிமேல் கீறாதீர்கள்.