குறைந்த பட்ஜெட்டில் .22 ரைஃபிள்: போல்ட் ஆக்‌ஷனா, லிவர் ஆக்‌ஷனா?

உரிமம் கைக்கு வந்துவிட்டது, செலவிட முடிந்த தொகை குறைவு, வீடு சேலத்திலும் சிறிய காப்பித் தோட்டம் ஏற்காட்டிலும் இருக்கின்றன, ரேஞ்சில் இலக்குப் பயிற்சி செய்வதே முதல் நோக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பனையாளர் ப்ர்னோ நிறுவனத்தின் பழைய போல்ட் ரைஃபிள் ஒன்றையும் மார்லின் நிறுவனத்தின் லிவர் ரைஃபிள் ஒன்றையும் காட்டியிருப்பதாகவும் சொல்கிறீர்கள். போல்ட் என்பது பக்கத்துப் பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து முன்தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை; லிவர் என்பது விசையைச் சுற்றியுள்ள வளையப் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து ஏற்றும் வகை. உங்கள் நிலையில் போல்ட் ஆக்‌ஷனை வாங்குவதே சரி. நானும் ஏற்காட்டில் தோட்டத்தை ஒட்டியே வசிக்கிறேன்; இரண்டு வகைகளையும் கையாண்டவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

இரண்டு துப்பாக்கிகளும் சுடுவது ஒரே தோட்டாவைத்தான். 1887இல் அமெரிக்காவில் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் இல்லாமல் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைச் சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) ஓரத்தோடு நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. ஆகவே துல்லியத்தில் வரும் வேறுபாடு தோட்டாவால் வருவதன்று, துப்பாக்கியின் அமைப்பால் வருவது. போல்ட் ஆக்‌ஷனில் ஊசி நேர்கோட்டில் சிறிது தூரமே பாய்கிறது. விசையை இழுப்பதற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையிலான நேரம் மிகக் குறைவு. லிவர் ஆக்‌ஷனில் வெளியே தெரியும் சுத்தியல் ஒரு வளைவில் சுழன்று வந்து ஊசியை அடிக்க வேண்டும், அதற்குள் கை சற்று அசைந்துவிடும். மேலும் பெரும்பாலான லிவர் ரைஃபிள்களில் தோட்டாக் குழாய் பேரலுக்கு (குண்டு பாயும் குழலுக்கு) அடியில் பட்டைகளால் பிணைக்கப்பட்டிருப்பதால் பேரல் தன்னியல்பாக அதிர முடிவதில்லை. இருபது முப்பது மீட்டரில் தகர டப்பாவைச் சுடுபவருக்கு இவை பொருட்டல்ல. ஆனால் 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவாக இட்டுத்தான் சுட வேண்டும். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ அந்த வழியில் செல்லும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் லிவர் ரைஃபிளில் கற்ற பழக்கம் அங்கே உதவாது.

படுத்துச் சுடும் நிலையில் இன்னொரு தடையும் உண்டு. மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைத் தாழ வைத்துப் படுத்திருப்பவர் லிவரைக் கீழே தள்ள முயன்றால் அது தரையில் இடிக்கும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தோளிலிருந்து தூக்கிச் சாய்த்து இயக்கிவிட்டு மறுபடியும் நிலைக்கு வர வேண்டியிருக்கும். பிரௌனிங் பிஎல்-22 போன்ற ஒன்றிரண்டில் லிவர் 33 பாகை மட்டுமே நகரும் என்பதால் சிக்கல் குறைவு. உங்களுக்குக் காட்டப்பட்டிருப்பது அதுவன்று.

லிவர் ரைஃபிளின் சிறப்பு அதன் வேகம். தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம், குழாயில் பதினைந்துக்கு மேல் தோட்டாக்கள் கொள்ளும், இடக்கைப் பழக்கமுள்ளவரும் அதே சௌகரியத்தோடு சுடலாம். உங்கள் வீட்டில் இடக்கைக்காரர் இருந்தால் அந்தக் கடைசிக் காரணத்தை நான் உண்மையிலேயே மதிப்பேன். வேகம் மட்டும் நமக்கு எதற்கும் பயன்படாது. அந்த வேகம் ஓடும் சிறு விலங்குகளை வேட்டையாடியவர்களுக்காக உருவானது; நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. தோட்டத்துக்குள் காட்டெருமை வருகிறது, பன்றி கிளறுகிறது என்பதற்காக .22ஐக் கையில் எடுக்கவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு அத்தகைய விலங்கைக் காயப்படுத்தி நாள்கணக்கில் வதைக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. அதே குண்டு தடையின்றிப் பறந்தால் ஒன்றரை கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. சரிவுக்குச் சரிவு வீடும் பாதையும் உள்ள சேர்வராயன் மலையில் அதற்குப் பின்னணித் தடுப்பு எங்கே இருக்கிறது? பயிற்சியை அனுமதி பெற்ற ரேஞ்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பிலும் போல்ட் ஆக்‌ஷன்தான் எனக்கு மனநிறைவு தருகிறது. ப்ர்னோவில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, விசையை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் அது முழுதாகக் கையோடு வந்துவிடும். பின்புறத்திலிருந்து பேரலுக்குள் பார்த்தால் மறுமுனை வெளிச்சம் தெரியும், அதற்கு மேல் ஐயத்துக்கு இடமில்லை. போல்ட்டை ஓர் அலமாரியிலும் துப்பாக்கியை வேறோர் இடத்திலும் பூட்டிவைக்கலாம். குழாய் மேகசினிலோ, உள்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிய பிறகும் ஒன்று உள்ளே தங்கியிருக்கக்கூடும். லிவரைப் பல முறை இயக்கி, கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே காலியென்று நம்பலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

இனி ஏற்காட்டுப் பனி. மழைக்காலத்தில் இங்கே சன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வரும், துணி நாள்கணக்கில் உலராது. பஞ்சு வைத்த பெட்டியிலோ கேன்வாஸ் உறையிலோ மூடி வைத்த ரைஃபிள் சில வாரங்களில் துருப்பொட்டு காட்டும். ஆகவே துப்பாக்கியைச் சேலம் வீட்டிலேயே, உறையில்லாமல், மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, பூட்டிய இரும்பு அலமாரியில் நிறுத்திவையுங்கள். துடைப்பதிலும் போல்ட் ஆக்‌ஷன் எளிது: போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கமாகவே கம்பியைச் செலுத்தலாம். பல லிவர் ரைஃபிள்களில் வாய்ப்பக்கமாகத்தான், அதாவது குண்டு வெளியேறும் முனை வழியாகத்தான், செலுத்த முடியும். கம்பி உரசி உரசி வாயின் ஓரம் தேய்ந்தால் துல்லியம் போய்விடும். மார்லின் 39ஏ இதற்கு நல்ல விலக்கு. வலப்பக்கத்துத் திருகை ஒரு நாணயத்தாலேயே திருப்பி இரண்டாகப் பிரிக்கலாம். பக்கத்து எஸ்டேட் பெரியவர் ஒருவர் அப்படிப் பிரித்துக் காட்டியபோது அந்த வேலைப்பாட்டை நான் வியந்து பார்த்ததுண்டு.

பழைய ப்ர்னோவை வாங்குமுன் கடையில் நின்று நிதானமாகப் பாருங்கள். போல்ட்டை எடுத்துவிட்டுச் சேம்பர் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் துண்டைச் சாய்த்துப் பிடித்து, வாய்ப்பக்கமாக உள்ளே நோக்குங்கள். வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கருத்த புள்ளிகள் இருந்தால் அவை துரு தின்ற குழிகள். பிறகு சேம்பரின் வாய் விளிம்பைச் சிறு டார்ச்சால் பாருங்கள். தோட்டா இல்லாமலே விசையை இழுத்து விளையாடிய ரிம்ஃபயரில் (இப்படி விளிம்பில் மருந்துள்ள தோட்டாவைச் சுடும் துப்பாக்கியில்) ஊசி அந்த விளிம்பில் நேராக அடித்து ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருக்கும்; பள்ளத்தின் ஓரம் உள்ளே பிதுங்கியிருந்தால் தோட்டா சிக்கிச் சிக்கி நுழையும், ஊசியின் அடியும் சரியாக விழாது. இதைத் திறமையான துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்ய முடியும், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது போதிய காரணம். போல்ட்டில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் பொருந்துகின்றனவா, வெற்றுக் கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கிகள் தேயாமல் இருக்கின்றனவா என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு ரைஃபிள்களைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டதால், பழைய துப்பாக்கியின் விலையில் பாதிக்கு மேல் பெயருக்காகவே தரப்படுகிறது என்பது என் கருத்து. ப்ர்னோவின் விலை கட்டுக்குள் வராவிட்டால் மேற்கு வங்கத்து இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் புதிய .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிளைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் போல்ட் ஆக்‌ஷன்தான். மெருகில் குறை இருந்தாலும் முன்பு யார் கையில் என்ன பாடுபட்டதோ என்ற கவலை அதில் இல்லை. மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ரைஃபிளும் ஒரு வகைத் தோட்டாவை மட்டும் விரும்பும்; இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழும் வகையிலேயே நிலைத்துக்கொள்வது விலை உயர்ந்த டெலஸ்கோப்பை விட அதிகப் பலன் தரும்.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே என்பதால், பிடிக்காவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு முடிவெடுக்காதீர்கள். அந்த ப்ர்னோ கடையின் சொந்தச் சரக்கா, வேறோர் உரிமதாரர் விற்கச் சொன்னதா என்பதையும் முதலில் கேளுங்கள். உரிமதாரர் ஒருவர் நேரடியாக உங்களுக்கு விற்பதென்றால், அவர் தம் எண்ணத்தை மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள்கள் கடந்த பிறகே துப்பாக்கி கைமாறலாம். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.