பன்றிக் கரு வளர்ப்பு மீடியம்: கேள்வி பதில்

கேள்வி: பன்றிக் கருவை ஆய்வகத்தில் வளர்க்கும் பிஇசட்எம்-3 என்ற மீடியத்தில் (ஊட்டக் கரைசல்) ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்டினால் பலன் இருக்குமா? எவ்வளவு சேர்ப்பது?

பதில்: இருக்கும். பிஇசட்எம்-3-ல் அதன் செறிவு சுமார் 0.12 மில்லிமோலார்தான். மிசூரி பல்கலைக்கழகக் குழு அதை 1.69 ஆக உயர்த்தி, அந்த மீடியத்துக்கு எம்யூ1 என்று பெயரிட்டது. ஆர்ஜினினை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தின் ஆர்.என்.ஏ., தாய் வயிற்றில் வளர்ந்த கருக்களைவிட மீடியத்தில் வளர்ந்தவற்றில் பல மடங்கு அதிகமாக இருந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. உங்கள் 100 மி.லி. மீடியத்துக்குக் கூடுதலாக 33 மி.கி. ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு போதும். ஹைட்ரோகுளோரைடு அல்லாத வெறும் ஆர்ஜினினை எடுத்துவிடாதீர்கள். அது காரத்தன்மை உள்ளது, பி.எச். எகிறிவிடும். ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு) மூன்று அலகு போலக் கூடும், கவலை வேண்டாம்.

கேள்வி: கலக்கும்போதே மீடியம் வெள்ளையாகக் கலங்குகிறதே?

பதில்: கால்சியம் லாக்டேட்டை முந்திச் சேர்த்திருப்பீர்கள். செறிவான பாஸ்பேட், பைகார்பனேட்டோடு கால்சியம் சேர்ந்தால் வீழ்படிவுதான். மொத்த நீரில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்து அதில் மற்ற உப்புகளைக் கரைத்துவிட்டு, தனியே கரைத்த கால்சியம் லாக்டேட்டைக் கடைசியில், கிளறியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலங்கியதை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. பார்க்கத் தெளிந்திருக்கும், ஆனால் எவ்வளவு கால்சியம் போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: குளுக்கோஸ் சேர்க்கலாமா?

பதில்: முதல் இரண்டு நாள் வேண்டாம். ஆற்றலுக்கு 0.17 மில்லிமோலார் பைருவேட், 2.73 மில்லிமோலார் லாக்டேட்டில் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து 5.55 மில்லிமோலார் குளுக்கோஸுக்கு மாற்றுவது 2002-லிருந்தே புழக்கத்தில் உள்ள முறை. பன்றி முட்டைக்குள்ளேயே ஆற்றல் தரும் கொழுப்புத் துளிகளும் ஏராளம். நுண்ணோக்கியில் கரு கருப்பாகத் தெரிவதே அதனால்தான்.

கேள்வி: பாதிக்கு மேற்பட்ட கருக்கள் 4 செல்லிலேயே நின்றுவிடுகின்றன. எந்தச் சத்து குறைகிறது?

பதில்: சத்தைத் தொடுமுன் மற்றதைப் பாருங்கள். பன்றிக் கருவின் சொந்த மரபணுக்கள் விழிப்பது 4 செல் கட்டத்தில்தான். அதற்கு முன் பட்ட அடியெல்லாம் அங்கேதான் வெளிப்படும். கருக்களை வைக்கும் பெட்டியில் ஆக்ஸிஜன் 5 சதவீதமா, இல்லை வெளிக்காற்றின் 20-ஆ? கரு இருக்கும் மீடியத் துளிக்குள்ளேயே 38.5 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா? மீடியம் பழசென்றால் அதிலுள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலம் சிதைந்து அம்மோனியா சேர்ந்திருக்கும். குளுட்டமினையும், ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஹைப்போடாரினையும் பயன்படுத்தும் வாரத்தில்தான் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் என் சந்தேகம் துளிகளை மூடும் மினரல் ஆயில் மீதுதான். பழைய ஆயிலில் பெராக்சைடு சேரும், கண்ணுக்குத் தெரியாது. ஒரே தொகுதிக் கருக்களைப் பிரித்து, பழைய ஆயிலிலும் புதிய பாட்டில் ஆயிலிலும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆர்ஜினின் சேர்த்தபின் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழியோடு இருக்கும் கருக் கட்டம்) வரை வளரும் கருக்களின் விகிதம் கூடியது. அது போதுமான சான்றா?

பதில்: போதாது. ஆறாம் நாள், செல்களின் உட்கருவை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் 33342 சாயமிட்டு செல்களை எண்ணுங்கள். பன்றியில் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைவது சகஜம், அத்தகைய கருவும் பிளாஸ்டோசிஸ்ட் வரை வரக்கூடும். மீடியத்தின் விளைவை மட்டும் பிரித்தறிய, விந்தணு இல்லாமல் மின்துடிப்பால் தூண்டிய முட்டைகளிலும் அதே ஒப்பீட்டைச் செய்யுங்கள்.