இருநூறு ரூபா டயமண்ட் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன மாதக் கட்டுரையில் போன் கேமை ‘வேலையில்லாதவர்களின் சமாச்சாரம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனீர்கள். நான் உப்புவெளியில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். டியூஷன் விட்டு வரும் பெடியன்கள் இப்போது என்னிடம் கேட்பது கொப்பி, பேனை அல்ல. ஃப்ரீ ஃபயர் என்ற துவக்குச் சண்டை கேமுக்கு டயமண்ட், அதாவது கேமுக்குள் செலவழிக்கிற காசு. இருநூறு ரூபாவுக்கு, முந்நூறு ரூபாவுக்கு. இந்தக் காசு யாருக்குப் போகிறது? சினிமாவைவிடப் பெரிய வியாபாரம் என்கிறார்களே, மெய்யா? சின்னம்மாவின் மகன் வேறு, வேலையை விட்டுவிட்டு கேம் செய்து விற்கப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

– உப்புவெளி வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. அதை எழுதிய இரவே நான் குமிழி உடைக்கும் கேம் ஒன்றில் ஓர் உயிருக்காக முப்பது விநாடி விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சினிமாக் கணக்கு மெய்தான். 2023இல் உலகத் தியேட்டர்களின் வசூல் ஏறத்தாழ 34 பில்லியன் டொலர். அதே வருடம் பாட்டு விற்ற வருமானம் 28 பில்லியனுக்குச் சற்று மேல். போன் கேம் மட்டும் 90 பில்லியனை ஒட்டி வருகிறது. கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த மொத்த கேம் வியாபாரத்தில் பாதி இது. (வீட்டில் டீவியிலும் போனிலும் பார்க்கும் படங்களின் காசு இந்தக் கணக்கில் இல்லை, சினிமாக்காரர் கோபிக்கக்கூடாது.)

ஆனால் இது நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போகிற வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது துள்ளியது, 2022இல் இறங்கியது, அப்புறம் மெல்ல ஊர்கிறது. கடைசி சில வருடங்களில் போனில் புதிதாக கேம் டவுன்லோட் செய்வோர் தொகை குறைந்துகொண்டு வருகிறது, வருமானமோ கூடுகிறது. இருக்கிற ஆளிடமே கூடக் கறக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்படி? 1997இல் நோக்கியா போனோடு வந்த பாம்பு கேமுக்குத் தனியாக யாரும் காசு கட்டவில்லை. 2009 கடைசியில் ஆங்கிரி பேர்ட்ஸ் வந்தபோது ஒரு டொலருக்கு ஒரு சதம் குறைவாக விற்றார்கள். அதற்குச் சற்று முன்புதான் இலவச கேமுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்திருந்தது. அதோடு கேமின் விலை பூச்சியமானது. இன்று விளையாடுகிறவர்களில் பெரும்பகுதி ஒரு சதமும் கொடுப்பதில்லை. நூற்றில் சில பேர்தான் கொடுக்கிறார்கள், அதிலும் மிகச் சிலர் அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்த மிகச் சிலருக்குத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர் திமிங்கிலம்.

எங்கள் ஊர்க்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. கரைக்குக் கிட்டவே கடலடிப் பள்ளம் இருப்பதால் பருவத்தில் திருகோணமலைச் சுவாமி மலையில் நின்றே திமிங்கிலம் மூச்சுவிடுவதைப் பார்க்கலாம். அது வருவது தீனி கிடைக்கும் கடலுக்கு. கேமில் அந்தக் கடல் யார் தெரியுமா? உங்கள் கடை வாசலில் நிற்கும் பெடியன்கள். ஃப்ரீ ஃபயர் ஒரு ஆட்டத்தில் ஐம்பது பேர் இறங்குகிறார்கள். ஒருவன் பொன்னிறத் துவக்கும் பளபளக்கும் சட்டையுமாக இறங்குகிறான் என்றால் அதைப் பார்க்க மற்றவர்கள் வேண்டும். காளி கோயில் திருவிழாவுக்குப் புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு போகிறவருக்கு வீதி நிறைய சனம் வேண்டாமா? காசு கொடுக்காத பெடியன் ஓசியில் விளையாடுகிறான் என்று நாம் நினைக்கிறோம். அவன் சம்பளமில்லாத வேலைக்காரன்.

இதனால்தான் சிங்கப்பூர் கொம்பனி ஒன்று 2017இல் அந்த கேமை விலைகுறைந்த போனிலும் ஓடும்படி செய்து வெளியிட்டது. இந்தியா, பிரேசில், இந்தோனேசியா என்று ஆட்கள் நிறைந்தார்கள். பொதுவாகவே ஆள் எண்ணிக்கை அந்த நாடுகளிலிருந்தும், பெருங்காசு அமெரிக்கா, சீனா, ஜப்பானிலிருந்தும் வருவதுதான் இந்தச் சந்தையின் வழக்கம்.

உங்கள் இருநூறு ரூபாவுக்கு வருகிறேன். பெடியன் போனிலேயே வாங்கினால் அதில் 30 சதவீதம் வரை கூகுளோ ஆப்பிளோ எடுக்கும், மிச்சம் கேம் கொம்பனிக்கு. அந்தப் பங்கை எதிர்த்துத்தான் ஃபோர்ட்நைட் கேம் செய்கிற எபிக் கொம்பனி 2020இல் வழக்குப் போட்டது. வெளியே வாங்கச் சொல்லி வழிகாட்டுவதைத் தடுக்கக்கூடாது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. பெரிய கேம் கொம்பனிகள் பல இப்போது சொந்த வெப் கடை போடுகின்றன. நீங்களோ பெடியனின் ஐடி நம்பரை வாங்கி வெளித்தளத்தில் டயமண்ட் போட்டுக் கொடுக்கிறவர் என்றால், அவர்கள் கோர்ட் ஏறிக் கேட்டது உங்கள் மேசையில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது!

ஒன்று மட்டும் கவனியுங்கள். சட்டை வாங்க டயமண்ட் கேட்பது வேறு, என்ன விழும் என்று தெரியாத ‘ஸ்பின்’ என்ற அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றக் கேட்பது வேறு. காசு போட்டு அதிர்ஷ்டம் பார்க்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இலேயே பெல்ஜியம் சொல்லிவிட்டது. அதற்குக் கேட்கிற சின்னப் பெடியனை வீட்டில் சொல்லிவிட்டு வரச் சொல்லலாம். உங்கள் வியாபாரத்தில் மண் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

சின்னம்மாவின் மகன் வேலையை விடக்கூடாது. வியட்நாமில் ஒருவர் தனியாளாகச் செய்த ஃப்ளாப்பி பேர்ட் 2014 தொடக்கத்தில் உலகத்தையே ஆட்டியது, அந்தப் புகழ் தாங்காமல் அவரே அதை நீக்கினார். அந்தக் கதையைத்தான் அவன் படித்திருப்பான். இன்று கேம் செய்வது சுலபம், அது கண்ணில் படச் செய்வதுதான் செலவு. ஆள் போனில் என்னென்ன செய்கிறார் என்று பின்தொடர அவரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று 2021இல் ஆப்பிள் விதி போட்டதிலிருந்து, காசு கொடுக்கும் ஆளை விளம்பரத்தால் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம். விளம்பரத்தை நம்பி இலவசமாக விட்டாலோ, இங்கே ஒருவர் பார்த்தால் கிடைப்பது அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதில் சிறு துளி. இரவில் செய்யட்டும். முதல் கேமை முடிக்கட்டும், சின்னதாக. முடித்துவிட்டால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், விளையாடிப் பார்க்கிறேன்.

பதிலுக்கு நீங்கள் ஒன்று பார்த்து எழுதுங்கள். டயமண்ட் வாங்க நாலைந்து பேர் சேர்ந்துதானே வருகிறார்கள். அதில் காசை நீட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் அதே பெடியன்தானா?