இனிஷியல் தின்ற உதவித்தொகை

சென்ற இதழில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெல்டாக்காரர்கள் எழுதியவை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது, மாற்றுத்திறனாளி கார்டில் 60 சதவீதம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது தனியார் கல்லூரியில் பி.இ. படிக்கிறாள். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம், மனு ஏற்கப்பட்டது என்று காட்டுகிறது, பணம்தான் வரவில்லை. (பாபநாசம்)

பதில்: அம்மா, முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். இப்போதெல்லாம் பணம் ஆதார் வழியாகப் போகிறது. நீங்கள் ஆசையாக எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை அது கண்டுகொள்ளாது, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கேதான் போய் நிற்கும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு எங்கேயாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா? எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், மகளிடம் சொன்னால் அஞ்சு நிமிஷ வேலை.

கணக்கு சரியாக இருந்தால் அடுத்து பெயர். நம்ம ஊர் இனிஷியல் டெல்லிக் கம்ப்யூட்டருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக, யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இனிஷியலே கிடையாது. நமக்கு ஒரே பெண், அதற்கு நாலு பெண்கள். என் அக்கா மகனுக்கு இப்படி ஒரு வருஷப் பணம் போனது. வங்கியில் கேட்டால் கல்லூரியைக் கை காட்டினார்கள், கல்லூரியில் கேட்டால் வங்கியைக் காட்டினார்கள், கடைசியில் பார்த்தால் இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள், அலைச்சல்தான், ஆனால் ஒரு தடவையோடு முடிந்துவிடும்.

எந்தத் திட்டத்தில் போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரி என்றால் அவர்களின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை 'சக்ஷம்' இருக்கிறது, ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, எது லாபம் என்று கணக்குப் போட்டு ஒன்றை எடுங்கள். மாநில அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை மற்ற உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாம் என்று அந்தத் திட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மத்திய அரசுப் படிவத்தில் வேறு உதவி வாங்குகிறீர்களா என்று கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

கேள்வி: தம்பிக்கு விபத்தில் ஒரு கால் போய்விட்டது. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, இப்போது அரசு ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன். உதவியெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: யார் சொன்னது? அரசு ஐடிஐ-யில் எல்லோருக்குமே மாதம் 750 ரூபாய் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஐடிஐ-யும் அடக்கம், அதில் மாதம் 1,000. இதற்கு மேல் மாற்றுத்திறனாளி மாணவருக்கான மாநில உதவித்தொகையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், படிவத்தில் ஐடிஐ முதல்வர் கையெழுத்து வேண்டியிருக்கும்.

எனக்குப் பணத்தைவிடப் பஸ்தான் கவலை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது, சரி, ஆனால் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறதே. ஊன்றுகோலை மேலே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார். அதனால் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்குத் தம்பிக்குத் தகுதி உண்டா என்று அதே அலுவலகத்தில் கேட்டு மனுக் கொடுங்கள். உடனே கிடைத்துவிடாது, வரிசை இருக்கும். கொடுத்து வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

கேள்வி: வலது கை நடுக்கம், வேகமாக எழுத முடியாது. மருத்துவக் குழு 35 சதவீதம் போட்டுவிட்டது. 8,000 கொடுத்தால் 45 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (மயிலாடுதுறை)

பதில்: தம்பி, அந்த ஆள் நம்பரை முதலில் அழித்துவிடுங்கள். ஏமாற்றிச் சலுகை வாங்கினால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.

40-க்குக் கீழே இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடும் நான் மேலே சொன்ன மத்திய உதவித்தொகைகளும் வராது, அது உண்மை. ஆனால் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கை எப்போதும் நடுங்குகிறதா, எழுதும்போது மட்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கி அதோடு சேர்த்துப் போடுங்கள். அப்புறம், தேர்வு எழுத உதவியாளர் கேட்பது தனி விஷயம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, உதவியாளர் வைத்துக்கொள்ள 40 சதவீதம் கட்டாயம் இல்லை என்று. கல்லூரியில் இதற்கு இப்போதே எழுத்தில் கேளுங்கள், ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாதீர்கள்.

கேள்வி: தேசிய உதவித்தொகைத் தளத்தில் எங்கள் கல்லூரி பெயரே வரவில்லை. ஆபீஸில் கேட்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிறார்கள். (வேதாரண்யம்)

பதில்: கடைமடைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரைத் திறந்தாகிவிட்டது, உங்கள் ஊர் மதகைத்தான் யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். கல்லூரி அந்தத் தளத்தில் பதிவு செய்து ஒரு பொறுப்பு அலுவலரைப் போட வேண்டும், மாணவர் மனுவை முதலில் சரிபார்ப்பது அவர்தான், அவர் தட்டாவிட்டால் அது மேலே போகாது. வாயால் கேட்டதை நிறுத்திவிட்டு கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த நகலோடு நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் போய் நில்லுங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் வருகிற திங்களாக இருக்கட்டும்.