டைனோவில் எண் குறைந்தால் காரின் பவர் குறைவு என்று அர்த்தமா?

கம்பெனி 400 குதிரைத்திறன் என்கிறது, காரை உருளைகள் மேல் ஓட்டிப் பவரைச் சோதிக்கும் டைனோ இயந்திரத்தில் 340தான் வந்தது, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கம்பெனி சொல்வது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில், அதாவது இன்ஜின் சுழற்றும் தண்டில், கிடைக்கும் பவர். ரோலர் டைனோ பார்ப்பது சக்கரத்துக்கு வந்து சேர்வதை. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். 10 முதல் 20 சதவீதம் குறைவது சகஜம்.

டைனோ குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. டார்க்கையும் (சுழற்றும் விசை) சுழல் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. 6000 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் என்றால் 400ஐ 6000ஆல் பெருக்கி 9549ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 251 கிலோவாட். அது 337 எச்பி (குதிரைத்திறன்). பிஎஸ் எனப்படும் மெட்ரிக் குதிரைத்திறன் அலகில் சொன்னால் அதே பவர் 342! அதனால் முதலில் அலகைப் பாருங்கள்.

அப்புறம் சூடு. டர்போ காருக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய விஷயம். டைனோவில் அடுத்தடுத்து ஓட்டினால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறும், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷனைத் தாமதப்படுத்தும், திரையில் பவர் கோடு சரியும். முன்னால் வலுவான விசிறி வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆறவிட வேண்டும். கியர் விகிதம் 1:1க்கு நெருக்கமான கியரில் மூன்று முறையாவது ஓட்டுங்கள்.

வெப்பநிலை, காற்றழுத்தத்துக்காகத் திருத்திய எண்ணோடு திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். டியூனிங் செய்தால் முன்னும் பின்னும் காரை ஒரே டைனோவில்தான் ஏற்ற வேண்டும்.